கொம்பு

தமிழில் எழுதிப் பார்த்தால்
தவறு சட்டென்று தெரிகிறது.
ஸுல்மிரா என்ற பெயரின் கடைசி எழுத்துக்கு
ஒரு கால் மட்டும்தான்.
அட்டை அச்சடித்தவர்கள்
அதன் முன்னால் ஓர் இரட்டைக் கொம்பையும்
பொருத்திவிட்டார்கள்.
ஸுல்மிரோ.
கொம்பு முளைத்ததும் ஆணாகிவிட்டாள்,
பாலினக் கட்டத்திலும்.

மற்றதெல்லாம் சரி.
பிறந்த தீவு, பிறந்த தேதி, எல்லாம்.
படத்தில் அவளேதான்,
யாரோ ஒருவனின் பெயருக்குப் பக்கத்தில்
உதட்டை இறுக்கிக்கொண்டு.

பிழை எங்களுடையது,
கட்டணம் வேண்டாம்,
அட்டையைத் திருப்பி அனுப்புங்கள்
என்றது கடிதம்.
அனுப்பினாள்.
அது ஆகஸ்ட்.
இப்போது ப்ராக்டன் நடைபாதைகளில்
உப்புத் தூவிய பனி கறுத்துக் கிடக்கிறது.

இதற்கிடையில் அவள் அவள்தான் என்பதற்கு
ஒரு ரசீது.
அப்புறம் பாஸ்டனில் ஒரு நாள் கூலியை விட்டு
வரிசையில் நின்று வாங்கிய
பாஸ்போர்ட் முத்திரை.
நிரந்தரமாக வசிக்கிறாள் என்பதற்குத்
தற்காலிகச் சான்று.
ஓராண்டு செல்லும்.

வங்கியில் அதை விளக்குக்கு நேரே பிடித்தார்களாம்,
கள்ளநோட்டைப் பிடிப்பதுபோல.
ஓட்டுநர் உரிமம் தருமிடத்தில்
அட்டை வந்ததும் வாருங்கள்.
வீட்டுக்காரர் பெல்ச்சர் ஒன்றுமே சொல்லவில்லை,
வாடகை ஒப்பந்தத்தை மட்டும்
வருடத்திலிருந்து மாதத்துக்கு மாற்றிக்கொண்டார்.
நாலாவது, என் மேஜை.

முதியோர் இல்லத்தில் ஆள் எடுக்கும் பிரிவு.
கேட்பதுதான் என் உத்தியோகம்.
சட்டம் எனக்குத் தெரியும்: முத்திரை போதும்.
கணினிக்குத் தெரியாது.
அது எங்கிருந்தோ பழைய பெயரைக் கொண்டுவந்து
கடைசி எழுத்தைச் சிவப்பாக்கி
பொருந்தவில்லை, பொருந்தவில்லை என்றது.

கொஞ்சம் உட்காருங்கள் என்றேன்,
அதற்கு முன் மூன்று பேர் சொல்லியிருக்கக்கூடிய
அதே குரலில்.

உட்காரவில்லை.
எங்கள் ஃபோகோவில் எரிமலை
ஒரு முழு ஊரை மூடியது, என்றாள்.
பத்திரம், ஞானஸ்நானச் சீட்டு, மாட்டுக் கொட்டில்,
எல்லாம் குழம்புக்கு அடியில்.
மறுநாள் கூடாரத்தில் பெயர் கேட்டார்கள்.
சொன்னேன்.
எழுதிக்கொண்டு ரொட்டி கொடுத்தார்கள்.
சண்டைக்கு இழுக்கவில்லை.
பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

என் பர்ஸிலும் ஓர் அட்டை இருக்கிறது.
பிழையே இல்லாதது.
அதனால் பதினொரு வருடமாக
இந்தக் கட்டடத்தில் எல்லோரும் என்னைத்
துரைக்கண்ணு என்று கூப்பிடுகிறார்கள்.
அது என் அப்பா.
திருத்தச் சொல்லிக் கேட்டதில்லை.
கேட்டால்
அட்டையைத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள்.

கணினியை மூடிவிட்டுத் தாளை எடுத்தேன்.
முத்திரையின் முதல் நகல் வெறும் கறுப்புத் திட்டு.
வெளிச்சம் கூட்டி இன்னொன்று.
மூன்றாவதில் தேதி தெரிந்தது.
கையெழுத்துப் போட்டேன்,
அடியில் பெயர்,
வழக்கம்போல அப்பா முதலில்.

திங்கட்கிழமை இரண்டாம் மாடியில் சேர்ந்தாள்.
பதினேழாம் அறை டிலஹன்ட்,
ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர்.
இப்போது மகனைக்கூட அடையாளம் தெரியாது.
கதவு திறக்கும்போதெல்லாம் கையை நீட்டி
யார் நீ என்கிறார்.
ஸுல்மிரா.
சரி, உள்ளே வா.
தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்புவதற்குள்
மறந்துவிடுகிறார்.

மார்ச் வந்தது, அட்டை வரவில்லை.
மதிய உணவுக்கு எதிரே உட்கார்ந்து
இன்று இருபத்திரண்டு தடவை கேட்டார் என்றாள்.
எண்ணுகிறாயா?
எண்ணுகிறேன்.
இருபத்திரண்டு தடவையும்
உள்ளே வா என்றார்.